தண்ணித் திருவிழாவுக்குப் போன கதை

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கம் தலைகாட்டி பல மாசம் ஆச்சு. இன்னைக்கு எழுதப் போறது 2023 செப்டம்பர்ல நடந்தது. எழுதலாமா வேணாமான்னு யோசிச்சு யோசிச்சே தள்ளிப் போட்டுட்டேன். கொஞ்சம் நீளமா இருக்கும். ஒரு காபி கலந்து எடுத்துட்டு வந்து உட்காருங்க. தலைப்பைப் பார்த்துட்டு வேற எதையாவது கலந்துடாதீங்க :-)

நாங்க மியூனிக்குக்கு வந்தது 2019 கோடையில. வந்து இறங்கின நாள்ல இருந்து எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி, "அக்டோபர்ஃபெஸ்ட் போயாச்சா?" ஊர்ல இருந்து போன் பண்ற மச்சினன் வரைக்கும் இதே கேள்விதான். என் உடம்பு எப்படி இருக்குன்னு அவன் ஒரு நாள் கூட கேட்டதில்லை. அது கிடக்கட்டும்.

உள்ளூர்க்காரங்க யாரும் அதை அக்டோபர்ஃபெஸ்ட்னு சொல்றதில்லை. 'வீஸன்'தான். புல்வெளின்னு அர்த்தம். பேருதான் அக்டோபர், ஆரம்பிக்கிறது செப்டம்பர்லயே. அக்டோபர் குளிருக்குப் பயந்து 1872ல இருந்து முன்னாடி தள்ளிட்டாங்க.

2019ல 'வீடு செட் பண்ற வேலை இருக்கு'ன்னு சாக்கு சொன்னேன். 2020, 2021 ரெண்டு வருஷமும் கொரோனாவால விழாவே ரத்து. ஊரே சோகமா இருந்தப்ப உள்ளுக்குள்ள நிம்மதியா இருந்தவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். 2022ல ஜூனியருக்கு சளி, எனக்கு இருமல். சளி நிஜம். இருமல் பொய்.

காரணம் இதுதான்: எனக்கு அந்த வாசனை ஆகாது. ஆபீஸ் பார்ட்டியில ஆப்பிள் ஜூஸ் டம்ளரோட ஜன்னல் பக்கமா நிக்கிற ஆள் நான். ஏன்னு கேட்டா "பழக்கமில்லை"ன்னு சொல்லிடுவேன். அது பாதி உண்மை. மீதியைப் பின்னாடி சொல்றேன்.

ஓமாவின் உத்தரவு

எங்க எதிர் ஃப்ளாட்ல ஒரு பாட்டி இருக்காங்க. எழுபத்தெட்டு வயசு. ஜூனியர் அவங்களை 'ஓமா'ன்னுதான் கூப்பிடுவான். ஜெர்மன்ல பாட்டின்னு அர்த்தம். தங்கமணி கொடுத்த சாம்பாரை, கண்ணுல தண்ணி கொட்டக் கொட்ட "அருமை"ன்னு சாப்பிட்ட நல்ல மனுஷி.

அந்த வருஷம் அவங்க பேத்தி வீஸன் ஊர்வலத்துல நடக்கப் போறான்னு சொன்னாங்க. "ஞாயித்துக்கிழமை காலையில எட்டரைக்கு கிளம்பறோம். நீங்க மூணு பேரும் வர்றீங்க." இது கேள்வி இல்லைங்க, உத்தரவு. நான் இருமலுக்கு தயாராகறதுக்குள்ள தங்கமணி "வர்றோம்"னு சொல்லிட்டாங்க. ஜூனியர் குதிக்க ஆரம்பிச்சுட்டான். அப்ப அவனுக்கு ஒன்பது வயசு.

கொஞ்சம் வரலாறு

இதெல்லாம் ஓமா சொன்னதும், நான் அப்புறம் தேடிப் படிச்சதும் சேர்ந்தது.

1810 அக்டோபர் 12ஆம் தேதி பவேரியா நாட்டு பட்டத்து இளவரசர் லுட்விக்குக்கும், ஸாக்ஸன்-ஹில்ட்பர்க்ஹவுஸன் இளவரசி தெரேசாவுக்கும் கல்யாணம். அதைக் கொண்டாட அக்டோபர் 17ஆம் தேதி ஊருக்கு வெளியே இருந்த புல்வெளியில குதிரைப் பந்தயம் வெச்சாங்க. அன்னைக்கு முக்கியம் குதிரைதான், பீர் இல்லை! பொண்ணோட பேரையே அந்த இடத்துக்கும் வெச்சாங்க. இன்னைக்கும் அது தெரேசா புல்வெளி, 'தெரேசியன்வீஸ'தான். பந்தயம் நல்லா இருந்துச்சேன்னு அடுத்த வருஷமும் வெச்சு, கூடவே விவசாயக் கண்காட்சி வந்து, அப்புறம் குடை ராட்டினம், ஊஞ்சல் எல்லாம் வந்து, சின்னச் சின்ன பீர்க் கொட்டகைங்க பெரிய கூடாரங்களா மாறினது 19ஆம் நூற்றாண்டு முடிவுலதான். குதிரைப் பந்தயம் எப்பவோ நின்னு போச்சு. பீர் நிலைச்சிடுச்சு.

அந்த தெரேசா ராணி கதை எனக்கு மனசுல தங்கிடுச்சு. 1854ல மியூனிக்ல காலரா வந்து விழாவை ரத்து பண்ணினாங்க. அதே அக்டோபர்ல ராணியும் காலராவுலதான் இறந்து போனாங்க. அவங்க கல்யாணத்துக்கு ஆரம்பிச்ச விழா, அவங்க சாகிற வருஷம் நடக்கவே இல்லை.

நாங்க பார்க்கப் போன ஊர்வலமும் அந்தத் தம்பதியோட கதைதான். அவங்களோட 25ஆவது கல்யாண நாளுக்காக 1835ல முதல் தடவை நடந்தது. 1950ல இருந்து அநேகமா வருஷா வருஷம், விழாவோட முதல் ஞாயித்துக்கிழமை நடக்குது.

ஊர்வலம்

ஓடியான்ஸ்ப்ளாட்ஸ்ங்கிற சதுக்கத்துக்குப் பக்கத்துல ஓரமா இடம் பிடிச்சு நின்னோம். காசு கொடுத்தா உட்கார மேடை இருக்கு. நாம யாரு? ஓசியில நின்னே பார்த்தோம். நல்ல வெயில். ஓமா பச்சைக் கலர் டிர்ண்டில் போட்டு, வெள்ளி சங்கிலி மாட்டிட்டு வந்திருந்தாங்க. டிர்ண்டில்ங்கிறது இந்த ஊர்ப் பொண்ணுங்க போடற பாவாடை, ரவிக்கை, முன்னாடி ஒரு ஏப்ரன். ஏப்ரன் முடிச்சு இடது பக்கம் இருந்தா கல்யாணம் ஆகலை, வலது பக்கம்னா ஆள் இருக்குன்னு கணக்கு. நம்ம ஊர் மெட்டி மாதிரி.

முன்னாடி குதிரை மேல ஒரு இளம்பொண்ணு, கறுப்பும் மஞ்சளுமா துறவி அங்கி போட்டுக்கிட்டு. அதுதான் 'ம்யூன்ஷ்னர் கிண்டல்', இந்த நகரத்தோட சின்னம். பின்னாடி வந்தது பாருங்க, முடியவே இல்லை! சுமார் ஒன்பதாயிரம் பேர், ஏழு கிலோமீட்டர் நடை. ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு உடை, ஒரு தொப்பி, ஒரு வாத்தியக் கோஷ்டி. தொப்பியில காட்டாட்டு முடியை விசிறி மாதிரி செருகின தாத்தாக்கள். கொடியை வானத்துல வீசிப் பிடிக்கிற பையன்கள். சாட்டையைச் சொடுக்கியே தாளம் போடற ஒரு கோஷ்டி! பூ அலங்காரம் பண்ணின கனத்த குதிரைங்க இழுத்துட்டு வர்ற பீர் கம்பெனி வண்டிங்க, அதுல அடுக்கின மரப்பீப்பாய்ங்க.

எனக்கு எங்க ஊர் தேர்த்திருவிழாதான் ஞாபகம் வந்துச்சு. சாமி மட்டும்தான் இல்லை. மத்தபடி அதே மேளம், அதே தூசி, அதே 'எங்க தெரு முன்னாடி, உங்க தெரு பின்னாடி' பெருமை.

கூட்டத்துல ஜூனியருக்கு சரியா தெரியலை. "தோள்ல ஏறிக்கிறியாடா?"ன்னு கேட்டேன். "நான் என்ன குழந்தையாப்பா?"ன்னு முறைச்சுட்டு எக்கி எக்கிப் பார்த்தான். ஓமாவோட பேத்தி வந்தப்ப மூணு பேரும் கத்தின கத்துல எனக்கும் தொண்டை கட்டிடுச்சு. நிஜ இருமல் இப்பதான் வந்துச்சு.

கூடாரத்து வாசல்ல

அங்கிருந்து மெதுவா தெரேசியன்வீஸ மைதானத்துக்குப் போனோம். உள்ளே போக டிக்கெட் கிடையாது. ஆனா மூணு லிட்டர் அளவுக்கு மேல பை கொண்டு போக முடியாது. தங்கமணியோட கைப்பையைப் பத்தி எனக்கு ஏற்கெனவே கவலை இருந்துச்சு. எப்படியோ தப்பிச்சாச்சு.

உள்ளே போனா வறுத்த பாதாமும் சர்க்கரைப் பாகும் கலந்த வாசனை. ராட்டினம், ராட்சச சக்கரம், 'அன்புள்ள செல்லமே'ன்னு எழுதித் தொங்கவிட்ட இதய வடிவ ரொட்டி. குழந்தைங்க, தள்ளுவண்டி, பல்லில்லாத பாட்டிங்க. நான் நாலு வருஷமா மனசுல வெச்சிருந்த படம் வேற. ஆயிரம் குடிகாரங்க உருண்டுட்டு இருப்பாங்கன்னு நினைச்சிருந்தேன்.

கூடாரத்துக்கு வெளியே இருந்த தோட்டத்து பெஞ்சுல இடம் கிடைச்சுது. இங்க உட்கார இடம் இருந்தாத்தான் பீர். நின்னுக்கிட்டு கேட்டா கிடைக்காது. பரிமாற வந்த அம்மா ஒரே நடையில பத்துப் பன்னிரண்டு ஜாடியை நெஞ்சோட அணைச்சுத் தூக்கிட்டு வந்தாங்க. ஒரு ஜாடின்னா ஒரு லிட்டர், 'மாஸ்'னு பேர். கண்ணாடி கனத்தோட சேர்த்து ரெண்டு கிலோவுக்கு மேல வரும். நம்ம ஜிம் பசங்க எல்லாம் பிச்சை வாங்கணும்.

அந்த வருஷம் ஒரு மாஸ் 12.60 யூரோவுல இருந்து 14.90 வரைக்கும். ஆல்கஹால் கிட்டத்தட்ட 6 சதவீதம். மியூனிக்ல காய்ச்சற ஆறு கம்பெனி பீருக்கு மட்டும்தான் இங்க அனுமதி. ஓமா ஒரு மாஸ், எங்களுக்கு கோலாவும் ஆரஞ்சும் கலந்த 'ஷ்பேட்ஸி', கூட ஒரு பெரிய ப்ரெட்ஸல், சீஸ் போட்ட ஷ்பெட்ஸ்லெ. கடையில தண்ணி வாங்கினா அப்ப லிட்டர் பத்து யூரோவை ஒட்டி வந்துச்சு! நல்ல வேளையா அந்த வருஷம்தான் இலவச குடிதண்ணி குழாய் வெச்சிருந்தாங்க. தண்ணித் திருவிழாவுல நான் அடிச்ச தண்ணி அதுதான்.

அப்பதான் பக்கத்து மேஜையில அந்த ஆளைப் பார்த்தேன். முப்பது வயசு இருக்கும். தோள்ல மூணு வயசுக் குழந்தை, ஒரு கையால குழந்தை காலைப் பிடிச்சிருக்கான், இன்னொரு கையில மாஸ். வாத்தியக் கோஷ்டி 'அய்ன் ப்ரோஸிட்' வாசிச்சப்ப எல்லாரும் ஜாடியைத் தூக்க, அவனும் தூக்கினான். குழந்தை கைதட்டிச் சிரிச்சுது. என்னால ஷ்பேட்ஸியை முழுங்க முடியலைங்க.

கொசுவத்தி

கொஞ்சம் கொசுவத்தி சுத்தறேன், பொறுத்துக்கோங்க.

1986. எனக்கும் அப்ப ஒன்பது வயசு. எங்க ஊர் தேர் அன்னைக்கு அப்பா என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போனார். அவ்வளவு உசரத்துல இருந்து தேரை நான் பார்த்ததே இல்லை. அவர் தலையில இருந்த தேங்கா எண்ணெய் வாசனையும், வாயில இருந்த சாராய வாசனையும் இன்னும் ஞாபகம் இருக்கு. தேர் கீழவீதி திரும்பறப்ப என்னை இறக்கி ஒரு பொரிகடலைக் கடை ஓரமா நிறுத்தினார். "இங்கயே நில்லுடா, இதோ வந்துடறேன்"னார்.

நான் அங்கயே நின்னேன். தேர் நிலைக்கு வந்துச்சு. கூட்டம் கலைஞ்சுது. கடைக்காரர் கடையை எடுத்து வெக்கிறப்ப ஒரு பொட்டலம் பொரி கொடுத்தார். சாப்பிடலை. நகர்ந்தா அப்பா தேடுவாரேன்னு ஒண்ணுக்குக்கூட போகலை. ராத்திரி பதினொரு மணிக்கு அம்மா தேடிட்டு வந்தாங்க. அப்பா வந்தது மறுநாள் காலையில. எதுவுமே அவருக்கு ஞாபகம் இல்லை.

1994ல அப்பா போயிட்டார். ஊருக்கு 'மஞ்சக்காமாலை'ன்னு சொன்னோம். ஈரல் போச்சுன்னு சொல்லலை. ஜூனியருக்கும் மஞ்சக்காமாலைன்னுதான் சொல்லி வெச்சிருந்தேன்.

ஓமா சொன்னது

என் முகத்தைப் பார்த்து ஓமா என்னன்னு கேட்டாங்க. தங்கமணி ஜூனியரைக் கூட்டிட்டு ராட்டினத்துக்குப் போயிருந்தாங்க. என் உடைஞ்ச ஜெர்மன்ல, எங்க அப்பா குடிப்பார்னு மட்டும் சொன்னேன். நாலு வருஷத்துல நான் வெளியாள் ஒருத்தர்கிட்ட சொன்னது அதுதான் முதல் தடவை.

ஓமா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் சொன்னாங்க. "என் வீட்டுக்காரரும்தான். இங்க வந்தா ரெண்டு மாஸ் குடிப்பார், பாடுவார், கையைப் பிடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவேன். இந்த ரெண்டு வாரம் எனக்குப் பயமே இல்லை. மத்த ஐம்பது வாரம் சமையலறையில தனியா உட்கார்ந்து குடிச்சார் பாரு, அதுக்குத்தான் பயந்தேன்."

"அப்புறம் எப்படி உங்களால இதைக் குடிக்க முடியுது?"ன்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான்.

"பீர் மேல எனக்குக் கோபம் இல்லையே. அவர் மேலதான்"னாங்க. ஒரு வாய் குடிச்சுட்டு, "இன்னும் இருக்கு"ன்னாங்க.

எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. நான் அப்பா மேல ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. "அவர் நல்லவர்தான், அந்தப் பாழாப்போன சாராயம்தான்"னு அம்மா சொல்லுவாங்க, நானும் அதையே பிடிச்சுக்கிட்டேன். கோபத்தை எல்லாம் வாசனை மேல காட்டிட்டு இருந்திருக்கேன். இதுக்காக குடி நல்லதுன்னு சொல்ல வரலைங்க. எனக்கு இன்னும் அது ஆகாது.

ஆனா ஒண்ணு. இங்க ராத்திரி பத்தரைக்கு பீர் ஊத்தறதை நிறுத்திடறாங்க. எட்டு மணிக்கு மேல ஆறு வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைங்க கூடாரத்துல இருக்கக் கூடாது. ரெண்டு வாரம் கழிச்சு கூடாரத்தையே பிரிச்சுடறாங்க. விழான்னா கொடியேத்தம் இருந்தா கொடியிறக்கமும் இருக்கும். எங்க வீட்டுல கொடியிறக்கமே கிடையாது.

பக்கத்து மேஜை ஆளைத் திரும்பிப் பார்த்தேன். ஜாடியை வெச்சுட்டு குழந்தையை அவன் பொண்டாட்டிகிட்ட கொடுத்தான். மூணு பேரும் எழுந்து ராட்டினம் பக்கமா போனாங்க. அவ்வளவுதான். ஒண்ணும் ஆகலை.

மேட்டுல

மைதானத்தோட மேற்குப் பக்கம் ஒரு மேடு. அது மேல 1850ல திறந்த 'பவேரியா' சிலை. சிங்கத்தோட நிக்கிற வெண்கலப் பொண்ணு, பதினெட்டரை மீட்டர் உசரம். உள்ளே படி ஏறி தலைக்குள்ள போய் எட்டிப் பார்க்கலாம். ஜூனியருக்கு அது வேணும்னான். ஓமாவுக்கு முட்டி வலி, தங்கமணி துணைக்கு இருந்துட்டாங்க. நாங்க ரெண்டு பேரும் கிளம்பினோம்.

அந்த மேட்டோட சரிவுக்கு ஊர்க்காரங்க வெச்சிருக்கிற பேர் 'வாந்தி மேடு'. நான் நாலு வருஷமா மனசுல வெச்சிருந்த படம் இங்க இருந்துச்சு. மதியம் மூணு மணிதான் ஆகுது. தோல் அரைக்கால் சட்டை போட்ட ஒரு பையன், இருபது வயசு இருக்குமா, கண்ணு செருகி புல்லுல கிடந்தான். சிநேகிதன் தலையைப் பிடிச்சிருந்தான். மஞ்சள் மூடி போட்ட ஸ்ட்ரெச்சரைத் தள்ளிட்டு ரெண்டு பேர் வந்து ஏத்திட்டுப் போனாங்க. இப்படி விழறவங்களுக்கு இங்க 'பீர்ப் பிணம்'னே ஒரு வார்த்தை இருக்கு.

ஜூனியர் என் கையைப் பிடிச்சான். "செத்துட்டாராப்பா?"

"இல்லடா. ரொம்ப குடிச்சுட்டார். டாக்டர் பார்த்துப்பாங்க."

"குடிச்சா செத்துப் போவாங்களா?"

"ரொம்ப வருஷம் குடிச்சா."

கொஞ்ச தூரம் நடந்தான். "நம்ம தாத்தா எதனால செத்தார்?"

எப்படிக் கேட்டான்னு இன்னும் எனக்குத் தெரியலை. வீட்டுல காதுல விழுந்திருக்கும். 'மஞ்சக்காமாலை' நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அப்புறம் சிலைக்குக் கீழ படியில உட்கார வெச்சு சொல்லிட்டேன். சாராயம், ஈரல், தேர், பொரிகடலைக் கடை, எல்லாத்தையும்.

"பதினொரு மணி வரைக்கும் அங்கயே நின்னியா? ஏன் போன் பண்ணலை?"

"அப்ப நம்மகிட்ட போன் இல்லடா."

"அழுதியா?"

"அம்மா வந்தப்புறம்தான்."

ரொம்ப நேரம் யோசிச்சுட்டுக் கேட்டான். "தாத்தா நல்லவரா, கெட்டவரா?"

"தோள்ல தூக்கிட்டுப் போனதும் அவர்தான். விட்டுட்டுப் போனதும் அவர்தான். எனக்கு அவர் மேல கோபம் இருக்குடா." சொல்லி முடிச்சதும் எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. நாப்பத்தாறு வயசுல முதல் தடவையா சொல்றேன்.

அவன் தலையாட்டினான். அப்புறம் "வறுத்த பாதாம் வாங்கித் தருவியா?"ன்னான். பிள்ளைங்க பிள்ளைங்கதான்.

சாயங்காலம் திரும்பறப்ப ரயில் நிலையத்துப் பக்கம் பயங்கர நெரிசல். ஜூனியர் என் சட்டையை இழுத்தான். "அப்பா, தூக்கிக்கிறியா?" ஒன்பது வயசுப் பையன் என்ன கனம் தெரியுமா? அஞ்சு நிமிஷம்தான் தூக்கினேன், மூணு நாள் முதுகு வலி. தங்கமணி தைலம் தேய்ச்சுட்டே "இது தேவையா?"ன்னாங்க. தேவைதான்.

போறவங்களுக்கு

குடும்பத்தோட போறவங்க செவ்வாய்க்கிழமை போங்க, குடும்ப நாள்னு ராட்டினங்கள்ல விலை குறைவு. சனிக்கிழமை வேண்டவே வேணாம், தள்ளுவண்டிக்கும் அனுமதி கிடையாது. ஊர்வலத்துக்கு காலையில பத்து மணிக்கு முன்னாடியே போய் இடம் பிடிச்சுடுங்க. ஜாடியை ஞாபகத்துக்குன்னு தூக்கிட்டு வராதீங்க, அது திருட்டுக் கணக்கு. அந்த வருஷம் மொத்தம் 72 லட்சம் பேர் வந்து 65 லட்சம் லிட்டர் பீர் குடிச்சாங்களாம். அதுல நம்ம பங்கு ஷ்பேட்ஸியும் குழாய்த் தண்ணியும்.

அன்னைக்கு ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டேன். ஜூனியர்கிட்ட அப்பாவைப் பத்தி சொல்லிட்டேன்னு சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. திட்டப் போறாங்கன்னு நினைச்சேன்.

"தேர் அன்னைக்கு நடந்ததையுமா?"ன்னாங்க.

"ஆமாம்மா."

"பிள்ளை பயந்துட்டானா?"

"இல்லம்மா. பாதாம் கேட்டான்."

"அப்ப சரி"ன்னு சொல்லி போனை வெச்சுட்டாங்க.